பம்பு காற்று வாங்குகிறது

மனிதர்களில் 'நானே பார்த்துக்கறேன்' என்றொரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்றால், உங்கள் வீட்டில் இதுவரை எதுவுமே ரிப்பேர் ஆனதில்லை என்று அர்த்தம், வாழ்க நீங்கள். குழாய் சொட்டினாலும், கதவு கிறீச்சிட்டாலும், அடுப்பு எரிய அடம்பிடித்தாலும் முதலில் ஓடி வருபவர் இவர்தான். ஆளைக் கூப்பிடலாமா என்று யாராவது வாயெடுத்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! அவரைப் பெற்றவர்களைப் பற்றி யாரோ தகாத வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி.

"ஆளா? எதுக்கு ஆளு? நானே பார்த்துக்கறேன்."

அவ்வளவுதான். அந்தக் குழாய் இனிமேல் அவருடையது. அதன் சொட்டு குடும்பச் சொத்து.

இந்த ரகம் எல்லா மண்ணிலும் விளையும் என்றாலும், எங்கள் லாஸ் அல்கரோபாஸ் குடியிருப்பில் விளைவது போல வேறெங்கும் விளைவதில்லை. வலென்சியா நகரத்து வெயிலுக்குப் பயந்து குன்றேறி வந்தவர்கள் நாங்கள். வந்த இடத்திலும் வெயில்தான். ஆகவே வீட்டுக்கு ஒரு நீச்சல் குளம், குளத்துக்கு ஒரு பம்பு, பம்புக்கு ஒரு குழி, ஜூன் பிறந்துவிட்டால் குழிக்கு ஒரு குடும்பத் தலைவர். காலையில் தெருவில் நடந்து போனால் வேலிக்கு மேலே தலைகள் தெரியாது, பின்புறங்கள்தான் தெரியும். வணக்கம் சொன்னால் குழிக்குள்ளிருந்து பதில் வரும். யார் என்று நிக்கரின் நிறத்தை வைத்து நாமாகத்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

பம்பு என்பது உண்மையில் ரொம்பச் சாதுவான பிராணி. வயிற்றில் தண்ணீர் இருந்தால் தண்ணீரை இழுக்கும். காற்று புகுந்துவிட்டால் எதையும் இழுக்காமல் கத்தும். அப்படிக் கத்தும்போது மூடியைத் திறந்து, வடிகட்டிக் கூடை முங்கும் வரை வாளித் தண்ணீரை ஊற்றி, மூடியை இறுக்கிச் சுவிட்சைப் போட வேண்டும். பம்பு ஒரு ஏப்பம் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கும். குழந்தைக்குப் பாலூட்டித் தோளில் போட்டுத் தட்டத் தெரிந்தவர் யாரும் இதைச் செய்யலாம்.

ஆனால் நம்மவர் செய்யும் அழகே வேறு. முதலில் வானத்தைப் பார்ப்பார். ஏன் என்று கேட்கக் கூடாது. பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். மூடியின் ரப்பர் வளையத்தை உருவி, வைரத்துக்குத் தோஷம் பார்க்கிறவர் போல வெயிலில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு திருப்புவார். குழாயை ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், மறுபடியும் தட்டுவார். மனைவி காபி கொண்டுவந்து நின்றால் கையை உயர்த்தி 'பேசாதே' என்பார். கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, புருவத்து வியர்வையைத் தோளில் துடைத்து, தீர்ப்புச் சொல்வார்:

"காத்து வாங்குது."

எங்கேயிருந்து வாங்குகிறது?

"அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

இந்த ரகத்தில் அப்பழுக்கற்ற உருப்படி வேண்டுமென்றால் எங்கள் எதிர்வீட்டு எவரிஸ்தோ கிளிமென்ட்டைத்தான் காட்டுவேன். மனிதர் ஓய்வு பெறும் வரை கார் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்தவர். ஒரு மாகாணத்தில் பாதிப் பேரைப் பேருந்தில் போக வைத்த புண்ணியவான். ஆயுள் முழுவதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் செய்கிற தப்பைக் கண்டுபிடித்தே பழகியவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு நடுங்கிக்கொண்டே ஓட்டிக்காட்ட ஒரு ஆத்மா கிடைக்கவில்லை. பம்பு கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எவரிஸ்தோவுக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் அவர் நனைந்து யாரும் பார்த்ததில்லை. குளத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு முழுக்க முழுக்க நிர்வாக ரீதியானது.

குளம் தேவைப்பட்டது அவர் மனைவிக்கு. விசித்தாசியோன் என்று பெயர். நாங்கள் எல்லாரும் விசி என்போம். ஆரஞ்சுப் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் இளமை முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தவள். நின்று நின்று வலது முட்டி தேய்ந்துபோய், அந்த வசந்த காலத்தில்தான் அதை எடுத்துவிட்டு வேறு முட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: தினமும் நெஞ்சளவு தண்ணீரில் நடக்க வேண்டும். கோடை முழுக்க நடந்தால் கைத்தடியைத் தூக்கிப் போடலாம். நடக்காவிட்டால் முட்டி இறுகிவிடும். அப்புறம் யார் வந்தாலும் வளையாது.

"வீட்டுலயே குளம் இருக்கு டாக்டர். பார்த்துக்கறேன்" என்று எவரிஸ்தோ அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூன் கடைசியில் பம்பு கத்தியது.

அது ஏன் கத்தியது என்பதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதில் எந்த மர்மமும் கிடையாது. வெயில் குளத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. குளத்துச் சுவரில் தண்ணீர் பம்புக்குப் போவதற்கென்று ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய்க்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. வாய் காற்றில் திறந்து கிடந்தால் பம்பு எதைக் குடிக்கும்? காற்றைத்தான். இது எனக்குத் தெரிந்தது. தபால் கொண்டுவரும் பெண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் தெரு நாய்க்குத் தெரிந்திருக்கும் என்பது என் சந்தேகம். அது குளத்தங்கரையில் நின்று அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். எவரிஸ்தோவுக்கு மட்டும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர்தான் குழிக்குள் இருந்தாரே!

விசி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"எவரிஸ்தோ, குளத்துல தண்ணி கொறஞ்சு கெடக்கு. அந்த ஓட்டை மொத்தமும் வெளியில தெரியுது பாரு. ஓஸ் பைப்பைப் போட்டு ரொப்பிவிட்டா சரியாப் போயிடும்."

குழியிலிருந்து தலை எழும்பியது. அதில் கோபமில்லை, மூன்றாம் முறையும் தோற்றுப்போன மாணவியைப் பார்க்கும் இரக்கம்தான்.

"விசி. குளத்துல எவ்வளவு தண்ணி இருக்குங்கறது ஒரு விஷயம். பம்பு ஏன் இழுக்கலைங்கறது வேற விஷயம். ரெண்டையும் போட்டுக் கொழப்பக் கூடாது."

"ரெண்டும் ஒரே தண்ணிதானே?"

"அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க."

நானும் ஒரு நாள் வேலியோரம் நின்று, நயமாக, எங்கோ போகிற பேச்சை அந்தப் பக்கம் திருப்புவது போல, "தண்ணி மட்டம் கொஞ்சம் கீழ எறங்கியிருக்கோ?" என்றேன். எவரிஸ்தோ கையைத் துணியில் துடைத்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க எத்தனையாவது தடவையில லைசென்ஸ் வாங்கினீங்க?"

நான் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆராய்ச்சி என்று எவரிஸ்தோ சொல்வார். சூறையாடல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினார். காத்து வாங்கியது. குழாய் மூட்டுகளில் எல்லாம் வெள்ளை டேப்பைச் சுற்றினார். பார்க்க ஏதோ விபத்தில் சிக்கிய குடும்பம் போல இருந்தது. காத்து வாங்கியது. ஒரு குழாயை அறுத்தார், அறுத்த இடத்தில் வேறு குழாயை ஒட்டினார், ஒட்டிய இடத்தைக் கம்பி போட்டு முறுக்கினார். பிறகு ஃபில்டரின் மேல் சந்தேகம் வந்து, அதற்குள் இருந்த மணல் அத்தனையையும் அள்ளிப் புல்தரையில் குவித்தார். குன்று முழுக்க இருந்த பூனைகள் அன்று மாலையே செய்தி அறிந்து, வேண்டியதை முடித்துக்கொண்டு போயின. அந்த மணலைக் கழுவி, உலர்த்தி, திரும்பவும் உள்ளே போட்டார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வாளித் தண்ணீரை ஊற்றிச் சுவிட்சைப் போடுவார். பம்பு ஒரு மடக்கு விழுங்கும், இருமும், கத்தும். தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கத்தல் நிற்பதற்காகக் காத்திருக்கும். நின்றதும் குழிக்குள்ளிருந்து குரல் வரும்:

"இப்ப முன்னைக்குப் பரவாயில்லை!"

இதற்கிடையில் ஓடாத தண்ணீர் சும்மா இருக்குமா? முதலில் வெள்ளரிப் பிஞ்சின் நிறம் வந்தது. பிறகு கீரை மசித்த நிறம். அதற்குப் பிறகு வந்த நிறத்துக்கு எந்த மொழியிலும் பெயரில்லை. தவளைகள் குடியேறின. எவரிஸ்தோவின் திறமையில் முழு நம்பிக்கை வைத்துக் குடும்பத்தோடு வந்து தங்கியவை அவை மட்டும்தான்.

விசி கரையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அந்தப் பச்சையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக முட்டி இறுகத் தொடங்கியிருந்தது. படியிறங்க முன்பு கைப்பிடியை ஒரு கையால் பிடித்தவள், இப்போது இரு கையாலும் பிடித்தாள். நான் கேட்டால் "நேத்தை விடத் தேவலை" என்பாள். அந்த வீட்டில் உண்மை பேசும் பழக்கம் பம்பிடம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ஒரு மத்தியானம் எவரிஸ்தோ சாப்பிட்டுப் படுத்ததும், அவள் மெள்ளத் தடியை ஊன்றிப் போய், தோட்டத்து ஓஸை இழுத்துவந்து குளத்தில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். கிழவர் தூக்கத்தில் கூடத் தண்ணீர்ச் சத்தத்துக்கு விழிக்கிறவர். செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து குழாயை மூடினார்.

"யார் தொறந்தது இதை? என் கணக்கெல்லாம் போச்சே! ஒரு சோதனை நடக்கும்போது நெலமையை மாத்தலாமா? இப்ப பம்பு இழுத்தாக்கூட எதனால இழுத்துதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இழுத்தாப் போதாதா?"

"போதாது!"

"நல்லாக் கேட்டுக்கோ எவரிஸ்தோ. சோதனை பம்புக்கு நடக்கலை. எனக்கு நடக்குது."

அவர் அதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஓஸைச் சுருட்டிக்கொண்டு போய்க் காருக்குள் வைத்துப் பூட்டினார். அதை மட்டும் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விசியின் தம்பி பால்தொமேரோ சாப்பிட வந்தான். கடைகளுக்கு வெயில் மறைப்புத் துணி கட்டிக்கொடுக்கிற தொழில். அவனும் இதே ரகம்தான். குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிது. ஒரு குழிக்கு ஒருவர் என்பதே இயற்கை வகுத்த அளவு என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள்.

பால்தொமேரோ வாசலிலேயே சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தவன். தோட்டத்தில் ஆரஞ்சு விறகை மூட்டி, இரும்புத் தட்டை ஏற்றி, முயலையும் கோழியையும் வதக்கி, பீன்ஸைப் போட்டு, தண்ணீர் கொதித்ததும் அரிசியைக் குறுக்கே கோடு போட்டது போல இறக்கினான். அது வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அரிசி போட்ட பிறகு அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து எவரிஸ்தோ சுவிட்சைப் போட, பம்பு கத்தியது.

"மச்சான், அது வால்வு" என்றான் பால்தொமேரோ, அடுப்பைப் பார்த்தபடியே.

"வால்வு இல்லை. ரெண்டு தடவை பார்த்தாச்சு."

"பார்க்கத் தெரிஞ்சு பார்த்தீங்களா?"

அவ்வளவு போதாதா? இருவரும் குழிக்குள் இறங்கினார்கள். ஒருவருக்கே இடம் பற்றாத குழி. ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில். ஒருவர் ஸ்பேனர் மற்றவர் கட்டைவிரலில்.

"இதை இடது பக்கம் திருப்புங்க மச்சான்!"

"எனக்கு இடது எது வலது எதுன்னு சொல்லித் தர்றியா நீ? முப்பது வருஷம் அதைச் சொல்லியே பரீட்சை வெச்சவன்டா நான்!"

"அதனாலதான் ஊர்ல இத்தனை விபத்து!"

மேலே அரிசி தண்ணீரைக் குடித்து முடித்தது. பிறகு அடியில் பொன்னிறப் பொருக்குத் தட்டியது. எல்லாரும் அதற்காகத்தானே காத்திருப்போம்! பிறகு அந்தப் பொருக்கும் கருகியது. நான் எழுந்து போய்த் தட்டை இறக்கலாம் என்று பார்த்தேன். விசி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடுங்க. அவங்களே பார்த்துப்பாங்க."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த அமைதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரொட்டியை அறுத்து, தக்காளியைத் தேய்த்து, உப்புப் போட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். புகை நேராக வானத்துக்குப் போனது. இருவரும் கரியும் கிரீஸுமாக மேலே ஏறி வந்து, தட்டைப் பார்த்து, ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்து, ஒரே குரலில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒருமனதாக, ஒரு முடிவுக்கு வந்தார்கள்: விறகு சரியில்லை.

மறுநாள் காலை விசி துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி, அடுத்த வீட்டு நியெவேஸின் வாசல் மணியை அடித்தாள்.

நியெவேஸ் மருந்துக்கடை வைத்திருந்து விற்றுவிட்டு வந்த விதவை. பல்பு மாட்டக்கூட ஆளைக் கூப்பிடுவாள். அதனாலேயே எவரிஸ்தோவுக்கு அவளைக் கண்டால் ஆகாது. "பம்பு எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது அந்தப் பொம்பளைக்கு" என்பார். உண்மைதான், தெரியாது. அது எலுமிச்சை மரத்துக்குப் பின்னால், சரிவுக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் இருந்தது. அவளுக்குத் தெரியாததால்தான் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் குளம் நீலமாக, அடி ஓடுகளை எண்ணலாம் போல, கிடந்தது.

விசி தினமும் போனாள். முதலில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு பிடிக்காமல். நியெவேஸ் பெரிய தொப்பி வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். துணைக்கு என்று ஆரம்பித்து, பேச்சு சுவாரசியத்தில் தொடர்ந்தாள். வேலிக்கு அப்பால் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் எவரிஸ்தோவின் குழி வரைக்கும் கேட்கும். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று அவர் சந்தேகப்பட்டார். அந்தக் கோடையில் அவர் சரியாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது.

"அடுத்த வீட்டுத் தண்ணியில போய் நடக்கறது நல்லாவா இருக்கு? நாலு பேரு என்ன நெனைப்பாங்க?" என்று ஒரு நாள் வாசலில் கேட்டார்.

"முட்டி நல்லாயிடுச்சுன்னு நெனைப்பாங்க" என்றாள் விசி.

ஆகஸ்ட் முடிவில் மழை வந்தது. எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வராது, வந்தால் வீட்டுக்குள் வரும். கடலிலிருந்து கறுத்து ஏறி, ஒரு பகல் முழுக்க இடியோடு கொட்டியது. எவரிஸ்தோவின் தோட்டத்துச் சரிவுத் தண்ணீர், தளத்துத் தண்ணீர் எல்லாம் குளத்தில் இறங்கி, சுவரின் வாய் மூழ்கி, தவளைகள் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தன. அடுத்த நாள் காலை எவரிஸ்தோ வழக்கம்போலக் குழிக்குள் இறங்கினார். அன்றைக்கு ஒரு புது யோசனை: ரப்பர் வளையத்துக்கு ஆலிவ் எண்ணெய் தடவுவது. தடவினார். வாளித் தண்ணீரை ஊற்றினார். மூடியை இறுக்கினார். சுவிட்சைப் போட்டார்.

பம்பு ஏப்பம் விட்டது. இழுத்தது. குளத்தின் மறு சுவரிலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது.

அவர் போட்ட கூச்சலில் நான் ஓடிப் போனேன். மனிதர் குழிக்குள் நின்றபடி எண்ணெய்ப் பாட்டிலை ஒரு கையால் உயரத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"எண்ணெய்! வெறும் எண்ணெய்! எந்த ஆளாவது சொல்லியிருப்பானா இதை?"

"நேத்து மழை..." என்று ஆரம்பித்தேன்.

"மழையா? மழைக்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நானும் அதையேதான் சொன்னேன். "பிரமாதம்" என்றேன்.

மனிதர் அதோடு நின்றிருந்தால் கதை சுகமாக முடிந்திருக்கும். மருந்தைப் போட்டு, ராப்பகலாக ஓட்டி, ஒரு வாரத்தில் தண்ணீரைத் தெளிய வைத்தார். தெளிந்த அன்றைக்கு நேரே நியெவேஸ் வீட்டுக்குப் போனார். போகும் வழியில் நான் தெருவில் நின்றது என் விதி. சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். நியெவேஸ் கடைக்குப் போயிருந்தாள். விசி குளத்தில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் தண்ணீருக்கு மேலே தாராளமாக வீசின.

"விசி, ஏறி வா. நம்ம குளம் ரெடி."

"சந்தோஷம். இன்னும் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்."

"நம்ம குளம் ரெடிங்கறேன்!"

"அதான் கேட்டுச்சே. அது எங்கயும் ஓடிடாது. நீ போ, பின்னாலயே வர்றேன்."

கோடை முழுக்க அவர் கட்டிய வெற்றி இவ்வளவு சின்னதாக வரவேற்கப்படும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. போகவும் இல்லை. கரையிலேயே நின்றார். நின்ற இடத்தில் அவர் தலை மெள்ள ஒரு பக்கம் சாய்ந்தது. பம்புக்குக் காது கொடுக்கும்போது வருகிற அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.

"கேக்குதா?" என்றார் என்னிடம்.

"என்ன?"

"இந்தப் பம்பும் காத்து வாங்குது."

"எவரிஸ்தோ, அதைத் தொடாதே!" என்று தண்ணீரிலிருந்து விசி கத்தினாள். "அது நம்ம பம்பு இல்லை!"

அதற்குள் எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். அவர் பம்பு குளத்துக்குச் சமமான உயரத்தில் இருந்தது. நியெவேஸின் பம்போ சரிவில், குளத்தை விடத் தாழ்வான இடத்தில். அதன் மூடியைத் திறக்கும் முன் வால்வுகளை அடைக்காவிட்டால் குளம் மொத்தமும் அந்த வழியாகத்தான் வெளியே வரும். இதைத் தெரிந்துகொள்ள எவரிஸ்தோவுக்கு இருந்த ஒரே வழி திறந்து பார்ப்பது. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுத் திறந்தார்.

மூடி அவர் தலைக்கு மேலே போனது. பின்னாலேயே தண்ணீர் ஒரு தூணாக எழுந்து அவர் மார்பில் அறைந்து, அவரை எலுமிச்சை மரத்தடியில் உட்கார வைத்தது. மூடியைத் தேடித் தவழ்ந்து எடுத்துவந்து அழுத்தினார்; தண்ணீர் அதைத் தள்ளியது. கைக்கு அகப்பட்ட பிடியை எல்லாம் திருகினார். ஒன்று கையோடு வந்தது. பெட்டி நிரம்பி, மோட்டார் முழுகி, டப்பென்று ஒரு சத்தத்தோடு வீட்டு மின்சாரம் மொத்தமும் போனது. அந்த வெள்ளத்துக்கு நடுவே, முகத்தில் எலுமிச்சை இலை ஒட்டியிருக்க, எவரிஸ்தோ எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"பார்த்தீங்களா? உள்ள எவ்வளவு காத்து இருந்திருக்கு!"

விசி தண்ணீரிலிருந்து ஏறினாள். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. ஈரத்தோடு சரிவில் இறங்கி வந்து, அவரைத் தாண்டிப் போய், பின்னால் இருந்த வால்வு ஒன்றை அடைத்தாள். தண்ணீர் நின்றது. தடி மேலே கரையிலேயே கிடந்ததை அவளும் கவனிக்கவில்லை, எவரிஸ்தோவும் கவனிக்கவில்லை.

அந்த நேரம் நியெவேஸ் பையோடு உள்ளே வந்தாள். குளத்தைப் பார்த்தாள், குறைந்து கிடந்தது. மரத்தடியைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"நான் ஆளைக் கூப்பிடறேன்."

"ஆளா? எதுக்கு ஆளு?" என்று எவரிஸ்தோ எழுந்தார். "நானே..."

"எவரிஸ்தோ" என்றாள் விசி. "வீட்டுக்குப் போ."

சத்தம் போடவில்லை. ஆனால் அத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. போனார். செருப்பு சளக்குச் சளக்கென்று தெரு முழுக்கக் கேட்டது.

நியெவேஸின் மோட்டாரைப் பழுது பார்க்க முடியாது, புதிது வர வேண்டும் என்றார்கள். செப்டம்பரில் எது உடனே வருகிறது? ஆகவே இரண்டு பெண்களும் நியெவேஸின் காரில் ஊருக்குள் இருக்கும் கூரை போட்ட பொதுக் குளத்துக்குப் போகத் தொடங்கினார்கள். சொந்தக் குளத்திலேயே நடக்கலாமே என்று நானே ஒரு நாள் விசியிடம் கேட்டுவிட்டேன்.

"நடக்கலாம்" என்றாள். "நான் எறங்கினா அவன் கரையில நின்னு பம்பைக் கேட்டுக்கிட்டே இருப்பான். ஏதாவது ஒண்ணு கேக்கும். கேக்காம இருக்காது."

மோட்டார் வந்து, மாட்டி, நியெவேஸின் குளம் மறுபடியும் நீலமான பிறகும் அவர்கள் பொதுக் குளத்தை விடவில்லை. அங்கே வகுப்பு எடுக்கிறார்களாம். விசி நடப்பதை நிறுத்திவிட்டு நீந்தக் கற்றுக்கொள்கிறாள். போன வாரம் மல்லாந்து மிதந்தாளாம். அதைச் சொல்லும்போது ஏதோ குழந்தை பெற்றவள் மாதிரி சொன்னாள்.

எவரிஸ்தோவின் குளம்தான் இப்போது எங்கள் குடியிருப்பிலேயே தெளிவான குளம். ஒரு தூசு கிடையாது. ஒரு தவளை கிடையாது. ஒரு மனிதர் கிடையாது. நேற்றுக் காலை விசி பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோது அவர் கரையில் நின்று கூப்பிட்டார்.

"விசி, இங்க வந்து பாரேன். கண்ணாடி மாதிரி இருக்கு!"

"பார்த்தேன், நல்லா இருக்கு. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடு."

கார் போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குளத்துக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் படியில் ஒரு காலை வைத்தார். இறங்கப் போகிறார் என்றே நினைத்தேன். வேலியோரம் மூச்சுக்கூட விடாமல் நின்றேன். கணுக்கால் வரை நனைந்தது. அந்தக் கணத்தில் அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. காலை வெளியே எடுத்தார். குழிக்குப் போய்விட்டார்.

நல்ல வேளை, நம் வீட்டில் நீச்சல் குளம் இல்லை என்று புத்தகத்தை மூடப் பார்க்கிறீர்கள். மிக்ஸி இருக்கிறதா? மின்விசிறி? ஒழுகுகிற குழாய் ஒன்றாவது? இருக்கட்டும். எவரிஸ்தோ ரப்பருக்கு ஆலிவ் எண்ணெய் தடவினார் என்ற இடம் வந்தபோது, 'அடடா, அது ரப்பரை ஊத வைத்துவிடுமே, சிலிக்கான் கிரீஸ் அல்லவா தடவ வேண்டும்' என்று மனசுக்குள் ஒரு கணம் திருத்தினீர்களே, அது எனக்குக் கேட்டது. பரவாயில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் ரொம்ப நாளாக உங்களிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன என்று போய்க் கேளுங்கள். கேட்கும்போது கையில் இருக்கிற ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள்.